விலங்குப் பூங்காவில் ஒற்று மிகும் இடங்கள்

சன்னல் ஓரம் வேண்டுமானால் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இருக்கும். செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். போன ஆண்டு ஒரு கரடி தப்பியதே, அந்தச் செய்தி. கரடியின் படம் பெரியதாக, என் படம் கீழே சிறியதாக. 'அதிகாரியின் அலட்சியத்தால் கரடி தப்பித்தது' என்று தலைப்பு. தலைப்பிலேயே பிழை. தப்பித்தது என்றால் வேறு யாரையோ தப்ப வைத்தது என்று பொருள். அந்தக் கரடி யாரையும் தப்பிக்கவில்லை. தானே தப்பியது. அலட்சியம் என்று போட்டதும் பொய். அன்று காலையில் வந்த குறிப்பை நான் மூன்று முறை படித்தேன். அலட்சியமான ஆள் ஒரு வரிக் குறிப்பை மூன்று முறை படிப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

நான் இப்படித்தான் பேசுவேன் தம்பி, சிரிக்காதீர்கள். எழுத ஒரு தமிழ், பேச ஒரு தமிழ் என்று இரண்டு வைத்துக்கொள்ள எனக்கு வராது. திருமணமான புதிதில் என் மனைவி வேதவல்லி, "இவர் வீட்லயும் நியூஸ் வாசிக்கிறார்ம்மா" என்று தன் தாயாரிடம் சொல்லி அழுதாளாம். இப்போது பழகிவிட்டது. அவளுக்கு.

பெயர் தெய்வசிகாமணி. மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு விலங்குப் பூங்காவில் அலுவலகக் கண்காணிப்பாளர். பூங்கா சிறியதுதான். புலி, சிங்கமெல்லாம் இல்லை. மான்கள், மயில்கள், குரங்குகள், முதலைகள், வயதான ஒரு கரடி. கரடியின் பெயர் சொர்ணம்.

எல்லாம் ஓர் அழைப்பிதழில்தான் தொடங்கியது. மான்கள் குட்டி போட்டிருந்தன. பெயர் சூட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரை அழைத்திருந்தோம். நான் அப்போது விடுப்பில் இருந்தேன். யாரோ எழுதி, யாரோ அச்சடித்து, ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டார்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? 'மாவட்ட ஆட்சியர் அவர்கள் புதிதாக ஈன்ற மான்குட்டிகளுக்குப் பெயர் சூட்டுவார்.'

புரிகிறதா? இன்னொரு முறை சொல்கிறேன். மாவட்ட ஆட்சியர் அவர்கள். புதிதாக ஈன்ற. மான்குட்டிகளுக்கு.

ஆட்சியர் மீசை வைத்த, கம்பீரமான மனிதர். மேடையில் உட்கார்ந்து அழைப்பிதழைப் படித்தார். மறுபடியும் படித்தார். குட்டிகளுக்கு ஏதோ இரண்டு பெயர் சொல்லிவிட்டு, வைத்த தேநீரைக்கூடத் தொடாமல் வண்டியேறிவிட்டார்.

மறுநாள் எங்கள் இயக்குநர் எமல்டா அம்மையார் என்னைக் கூப்பிட்டார். நல்லவர். படபடவென்று பேசுவார், மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். "சிகாமணி சார், இனிமே உங்க பார்வை படாம ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. மானமே போச்சு" என்றார்.

வெளியே என்றால் எதற்கு வெளியே? அதை அவர் சொல்லவில்லை. எழுதுகிறவரின் மனத்துக்கு வெளியே என்று நான் எடுத்துக்கொண்டேன். அதுதானே சரியான பொருள்? மனத்தைவிட்டு வெளியே வந்துவிட்டால் அது எழுத்து. எழுத்து என்றால் அதற்கு இலக்கணம் உண்டு.

ஆகவே, கடிதங்களோடு நிறுத்தவில்லை. தீவனக் குறிப்பு, மருந்துக் குறிப்பு, விடுப்பு விண்ணப்பம், தண்ணீர்த் தொட்டி கழுவிய குறிப்பு, அனைத்தும் என் மேசைக்கு வர வேண்டும் என்று ஆணை போட்டேன். வாய்மொழித் தகவல் ஏற்கப்படமாட்டாது. சொல்ல வேண்டியதை எழுதி, என் அறை வாசலில் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். பிழை இருந்தால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன். திருத்தி, தூயபடி எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

முதல் வாரம் வந்ததையெல்லாம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'மயில் இறந்து விட்டது' என்று ஒரு குறிப்பு. இறந்து என்று தனியாக, விட்டது என்று தனியாக. இறந்தபிறகு அது எதை விட்டது? மூச்சையா? சேர்த்து எழுதுங்கள் என்று திருப்பினேன். மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. அதற்குள் பறவைப் பிரிவுப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. ஆனால் குறிப்பு சுத்தமாக இருந்தது.

கால்நடை மருத்துவர் நஸீமா அம்மையார், 'குரங்குக்கு பேதி, மருந்து வாங்க வேண்டும்' என்று எழுதினார். நான்காம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும். படித்த பெண், மருத்துவர், ஒரு ப் போட மாட்டாரா? திருப்பி அனுப்பினேன். அவர் கோபத்தில் நீளமாக ஏதோ எழுதி அனுப்பினார். அதிலும் பிழைகள். அதையும் திருப்பினேன். கடைசியில் 'குரங்குக்குப் பேதி நின்றுவிட்டது' என்று பிழையே இல்லாத ஒரு வரி வந்தது. மருந்து வாங்காமலே குணமாகிவிட்டது. மருத்துவரிடம் அதைச் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை.

அடுத்தது அறிவிப்புப் பலகைகள். 'முதலை குளம்', 'பாம்பு பண்ணை', 'குரங்கு கூண்டு' என்று பூங்கா முழுவதும் ஒற்றே இல்லாமல் மொட்டையாக நின்றன. புதிதாக எழுத நிதி இல்லை என்று அம்மையார் சொல்லிவிட்டார். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டச்சர் கற்பகவல்லியிடம் சொல்லி, சிறு சிறு தாள்களில் க், ச், த், ப் என்று பெரிய எழுத்தில் அச்செடுக்கச் சொன்னேன். கட்டுக்கட்டாக. பிறகு ஒரு வாளியில் மைதா மாவுப் பசை காய்ச்சி, அலுவலகத் தாழ்வாரத்திலேயே வைத்தோம். எங்கே ஒற்று இல்லையோ அங்கே கொண்டுபோய் ஒட்ட வேண்டியதுதான்.

கற்பகவல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்காக நான் மிகவும் பாடுபட்டேன் தம்பி. ன எங்கே, ண எங்கே என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சில மாதங்களில் அவர் அடித்த தாளில் நான் வட்டமிடவே இடமில்லாமல் போயிற்று. "நீங்க லீவு போட்டாக்கூட நான் பார்த்துப்பேன் ஐயா" என்பார். அவ்வளவு தேறிவிட்டார். ஆனால் கடைசியில் என்ன செய்தார் என்று பின்னால் சொல்கிறேன்.

மற்றவர்கள் எழுதுவது மெல்ல மெல்லக் குறைந்தது. முன்பு கட்டுக்கட்டாகக் குறிப்பு வந்த பெட்டி, பிறகு பாதி நிறைந்தது, பிறகு காலியாகவே கிடந்தது. நான் அம்மையாரிடம் போய், "அம்மா, அலுவலகத்தில் பிழை அறவே ஒழிந்தது" என்றேன்.

"குறிப்பே வரலையே சார்."

"அதைத்தான் சொல்கிறேன் அம்மா. ஒரு பிழைகூட இல்லை."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு அடிக்கடி தலைவலி வரும்.

ஒரே ஒருவர்தான் விடாமல் எழுதினார். கரடியைப் பார்த்துக்கொள்கிற காவலர் சேசுராஜ். பத்தாம் வகுப்பு வரை படித்தவர். 'பிழையற்ற வாரம்' என்று ஒரு பலகை வைத்து, பிழையில்லாமல் எழுதுகிறவர் பெயருக்கு நேரே ஒரு தங்க நிற விண்மீன் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த விண்மீன்மீது அவருக்கு அப்படியோர் ஆசை. முதன்முதலில் ஒன்று கிடைத்தபோது மனைவி, மைத்துனன், மாமியார் எல்லாரையும் அழைத்துவந்து பலகைக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். எங்கே பார்த்தாலும் ஐயம் கேட்பார்.

"ஐயா, 'கரடிக் குளித்தது'ன்னு க் போடலாங்களா?"

"கூடாது சேசுராஜ். அது எழுவாய்த் தொடர், மிகாது. நீங்கள் கரடியைக் குளிப்பாட்டினால் மட்டும் போடுங்கள்."

"அப்ப குளிப்பாட்டிட்டே போட்டுர்றேங்கய்யா."

போய்க் குளிப்பாட்டிவிட்டு வந்தார். அந்த மழைக்காலத்தில் அந்தக் கரடியைப்போல அடிக்கடி குளித்த கரடி இருக்காது.

ஒரு நாள் அவரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. 'கரடி கூண்டு கதவு தாழ்பாள் விட்டு விட்டது.' எனக்கு வயிறு எரிந்தது. கரடி, கூண்டு, கதவு, தாழ்ப்பாள், நான்கு பெயர்ச்சொற்கள் வரிசையாக நிற்கின்றன, நடுவில் ஓர் ஒற்றுகூட இல்லை. பெட்டிகளை இணைக்காமல் தொடர்வண்டியைக் கிளப்பின மாதிரி. கூப்பிட்டு விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் ஒரு படி, அதற்கடுத்த நாள் ஒரு படி என்று எழுதி, கடைசியில் கொண்டுவந்தார் பாருங்கள். 'கரடிக் கூண்டின் கதவுத் தாழ்ப்பாள் விட்டுவிட்டது.' முத்துமுத்தான கையெழுத்து. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதை என்ன செய்தீர்கள் என்று விசாரணையில் கேட்டார்கள். தாழ்ப்பாளைச் சரிசெய்கிற பற்றவைப்பாளருக்கு அனுப்பியிருக்க வேண்டுமாம். தம்பி, அவர் கை முழுக்கக் கரி. அந்தத் தாளை அவர் கையில் கொடுப்பதா? 'மாதிரிக் குறிப்பு' என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தேன். எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. எல்லாரும் பார்க்கவும் பார்த்தார்கள். யாருமே தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கவில்லையே. வாய்மொழியாகக் கேட்டால் நான் ஏற்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

அந்த நாளுக்கு வருகிறேன். விடுமுறை நாள். நல்ல கூட்டம். காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெட்டியில் ஒரு குறிப்பு. 'கரடி காணவில்லை.'

இதைத்தான் மூன்று முறை படித்தேன். முதல் முறை, இரண்டாம் வேற்றுமை உருபு இல்லை என்று பட்டது. இரண்டாம் முறை, உருபு இல்லாவிட்டால் கரடிதானே எழுவாய், அப்படியானால் கரடி எதையோ காணவில்லை, எதை என்று யோசித்தேன். தன் உணவையா? மூன்றாம் முறையும் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் சேசுராஜ் நிற்கிறார். வியர்த்துக் கொட்டுகிறது. "ஐயா, கரடி..." என்று வாயைத் திறந்தார். நான் பெட்டியைக் காட்டினேன். விதி என்றால் எல்லாருக்கும் விதிதானே? குறிப்பின் கீழே 'எழுவாய் யார்? செயப்படுபொருள் எது?' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் சுவரில் தாளை வைத்து, நின்றபடியே எழுதினார். எழுதிக் கொடுத்தார். 'நான் கரடியைக் காணவில்லை.'

தம்பி, அதில் என்ன குறை சொல்ல முடியும்? நான் என்பது எழுவாய். கரடியை என்பது செயப்படுபொருள். காணவில்லை என்பது பயனிலை. ஐ உருபுக்குப் பின்னால் க் சரியாக மிகுந்திருக்கிறது. நின்றுகொண்டு, அவ்வளவு பதற்றத்தில், ஒரு மனிதர் இப்படி எழுதுகிறார் என்றால் நான் பட்ட பாடு வீண்போகவில்லை. பச்சை மையில் 'மிக நன்று' என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். விண்மீனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் விண்மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கணம் முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல ஓடினார்.

எனக்கு ஒரு வருத்தமும் இருந்தது, மறைக்க மாட்டேன். கரடிக் காவலராக இருந்துகொண்டு, கரடியைக் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கிறாரே, போய்ப் பார்க்க வேண்டியதுதானே, வேலையில் சோர்வு வந்துவிட்டதே என்று நினைத்தேன். ஆனால் நடை வேறு, நடத்தை வேறு. இரண்டையும் நான் குழப்பிக்கொள்வதில்லை.

கொஞ்ச நேரத்தில் எமல்டா அம்மையார் கற்பகவல்லியையும் இழுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். ஒலிபெருக்கி என் அறையில்தான் இருக்கிறது. "சார், சொர்ணம் வெளியே சுத்துது. டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் பார்த்திருக்காங்க. மைக்ல சொல்லணும், சீக்கிரம்."

கற்பகவல்லி ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார். 'கரடி தப்பித்து விட்டது. எல்லோரும் உடனே வெளியே ஓடவும்.' நல்ல பெண், விதியை மறக்காமல் என்னிடம் நீட்டினார். நான் பேனாவைத் திறந்தேன். தப்பித்து என்பதைத் தப்பி என்று மாற்றினேன். எல்லோரும் என்பதை எல்லாரும் என்று மாற்றினேன். ஓடவும் என்பதில்தான் சிக்கல். அது வேண்டுகோளா, கட்டளையா? ஓடுக என்று போடலாம். பெரியவர்கள் வந்திருப்பார்கள், ஓடுவீராக என்றால் மரியாதை. தவிர, வெளியே ஓடவும் என்றால் பொருள் குழம்புகிறது. கரடியும் வெளியேதானே இருக்கிறது?

"சார், குடுங்க" என்றார் அம்மையார்.

"ஒரு நிமிடம் அம்மா. அச்சில் வருவதைவிட ஒலிபெருக்கியில் வருவதுதான் ஆபத்து. பிறகு வட்டமிட முடியாது."

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்தியது கேட்டது. சரி, என் திருத்தத்தைக் கவனிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மேசை ஆடியது. அதன்மேல் கற்பகவல்லி ஏறிநின்றதால் ஆடியது என்று பிறகுதான் தெரியும். எனக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விடுகிற சத்தம். ஈரமான ஒரு வாடை. சேசுராஜ்தான் மறுபடியும் வந்திருக்கிறார் என்று நினைத்து, திரும்பாமலே, "பெட்டியில் போடுங்கள்" என்றேன்.

பெட்டி விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். சொர்ணம். நின்று பார்த்தது, மோந்து பார்த்தது, என்மீது ஆர்வமில்லாமல் தாழ்வாரத்துக்குப் போயிற்று. அதற்கு வேண்டியிருந்தது பசை வாளி. அன்று காலையில்தான் புதிதாகக் காய்ச்சியிருந்தோம். வாளிக்குள் தலையை விட்டு நக்கியது. கையை விட்டு நக்கியது. பிறகு பக்கத்திலிருந்த ஒற்றுத் தாள்களின்மேல் புரண்டு படுத்தது. நஸீமா அம்மையார் வந்து சன்னல் வழியாக மயக்க ஊசி போட்டார். அவர் அந்த ஊசிக்குக் குறிப்பு எழுதவில்லை என்பதை நான் விசாரணையில் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

பார்வையாளர்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை தம்பி. கரடியைப் பார்த்ததும் அவர்களாகவே போய்விட்டார்கள். அறிவிப்பே தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு நிருபர் இருந்திருக்கிறார், குடும்பத்தோடு வந்தவர். படம் எடுத்துவிட்டார். சொர்ணம் மல்லாந்து தூங்குகிறது. நெற்றியில் த். மூக்கில் ப். உடம்பெல்லாம் க், ச். எந்த விதிப்படியும் ஒற்று மிகக் கூடாத இடங்கள். ஊரே பார்த்துச் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

விசாரணை நடந்தது. தாழ்ப்பாள் குறிப்பைக் காட்டினார்கள், 'மிக நன்று' என்ற குறிப்பையும் காட்டினார்கள். இரண்டும் என்னிடம் இருக்கிற மிகச் சிறந்த சான்றுகள், நானே காட்டியிருப்பேன். தலைமை அலுவலகம், ஆளை அனுப்பிவிடுங்கள் என்று எமல்டா அம்மையாருக்கு உத்தரவு போட்டுவிட்டது. ஓய்வு பெற இன்னும் இரண்டே ஆண்டுகள்தான் இருந்தன.

ஆணை என் கைக்கு வந்தது. கற்பகவல்லி அடித்தது, அம்மையார் கையெழுத்திட்டது. படித்தேன். 'திரு. தெய்வசிகாமணி இன்று முதல் பனி நீக்கம் செய்யப்படுகிறார்.'

பனி. மார்கழியில் பெய்யுமே, அந்தப் பனி.

எனக்குத் தலை சுற்றியது. வேலை போனதற்காக இல்லை, எழுத்துக்காக. ஊழியர் சங்கத் தலைவர் கோதண்டம் பக்கத்தில் இருந்தார். எட்டிப் பார்த்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "சார், சத்தம் போடாம மடிச்சுப் பையில வைங்க. இந்த ஆர்டர் செல்லாது. உங்க மேல இருந்த பனியைத் துடைச்சாச்சுன்னுதான் இதுக்கு அர்த்தம். நான் கேஸ் போட்டு இழுக்கிறேன், அதுக்குள்ள நீங்க கௌரவமா ரிட்டயர் ஆயிடலாம்."

"பிழையோடு ஓர் ஆணை என் பெயரில் இருக்கலாமா கோதண்டம்?"

"இருக்கட்டுமே சார். அந்தப் பிழைதான் உங்களுக்குச் சோறு போடும்."

நான் நேராகக் கற்பகவல்லியிடம் போனேன். ண எங்கே வரும் என்று எத்தனை நாள் சொல்லிக்கொடுத்திருப்பேன். பணி என்கிற சொல்லை அவர் தினமும் அடிக்கிறார். அதில் போய்த் தவறுவாரா? "என்ன அம்மா இது?" என்று காட்டினேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அது அப்படியே இருக்கட்டும் ஐயா" என்றார் மெதுவாக.

"எப்படி இருக்கும்? பொருளே மாறுகிறதே."

"மாறட்டும்னுதான் ஐயா."

பதற்றத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் பேசினார், பாவம். அம்மையார் அறைக்குப் போனேன். அவரும் சரியாக விளக்கம் சொல்லவில்லை. "நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன் சார். நீங்களும் படிக்காம வாங்கிக்கங்களேன்" என்றார். ஓர் இயக்குநர் சொல்லுகிற சொல்லா இது?

ன வைச் சுற்றி வட்டமிட்டேன். பக்கத்தில் ண எழுதினேன். சுருக்கொப்பம் இட்டேன். தூயபடி கேட்டேன். கற்பகவல்லி அடிக்கும்போது கண்ணீர் விசைப்பலகைமேல் சொட்டியது. ஒரே ஓர் எழுத்துப் பிழைக்காக இவ்வளவு வருந்துகிற தட்டச்சரை நான் என் அனுபவத்தில் பார்த்ததில்லை. "பரவாயில்லை அம்மா, அடுத்தவருக்கு அடிக்கும்போது கவனமாக இருங்கள்" என்று தேற்றினேன். அழுகை கூடிப்போயிற்று. அம்மையார் மறுபடியும் கையெழுத்திட்டார். இந்த முறை வெகுநேரம் படித்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேதவல்லி வாங்கிப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். "இதுல தப்பு ஒண்ணும் இல்லியா?" என்றாள்.

"இல்லை."

"அப்ப தப்பு வேற எங்கயோ இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எங்கே என்று கேட்டேன், பாத்திரம் உருளுகிற சத்தம்தான் வந்தது.

அதன்பிறகு வீட்டில்தான். மாத்திரை அட்டை, மளிகைக் கடைப் பலகை, மின்தடை அறிவிப்பு என்று கைக்குக் கிடைத்ததைத் திருத்திக்கொண்டிருந்தேன். மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் பலகையைத் திருப்பி வைத்துவிடுவார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் கோதண்டம் வந்தார். மேல்முறையீட்டு மனு. பூங்காவில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து எழுதியதாம், ஆளுக்குச் சில வரி. எல்லாருடைய கையெழுத்தும் இருக்கிறது, நஸீமா அம்மையாருடையதுகூட. நான் கடைசியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அன்றே கொடுத்தாக வேண்டும், கெடு முடிகிறது என்றார். "படிக்காம போடுங்க சார், உங்க கால்ல விழறேன்" என்றார். படிக்காமல் நான் எதில் கையெழுத்திட்டிருக்கிறேன்? வாங்கிப் படித்தேன்.

எனக்கு மனப்பாடமாகவே இருக்கிறது. 'எங்கள் ஐயா கண்டிப்பானவர் ஆனால் ஒரு நாளும் எங்களை வாடா போடா என்று பேசியது இல்லை.' இது தீவனக்கூடத்து ஆள் ஒருவர். 'கரடி போனதுக்கு கரடி தான் பொருப்பு, ஐயா பொருப்பு இல்லை.' இதை நஸீமா அம்மையார் எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், ஆனால் அவர் பெயருக்கு மேலே இருந்தது. கடைசியில் சேசுராஜ். 'கரடி திரும்பி வந்து விட்டது. ஐயா தான் இன்னும் வரவில்லை. இப்போது குறிப்பு எழுதினால் வாங்கி படிக்க ஆள் இல்லை.'

படித்து முடித்தேன். பேனா கையில் இருக்கிறது. ஒரு வட்டம்கூடப் போடவில்லை. ஏன் என்றால், தம்பி, ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கலாக, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி ஆகிவிட்டது. வேதவல்லி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏங்க, பொறுப்புக்குப் பெரிய ற தானே? சின்ன ர போட்டிருக்கே" என்றாள். பார்க்கிறேன், ஆமாம், சின்ன ர. இரண்டு இடத்திலும். வேதவல்லிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் ஆடிப்போய் உட்கார்ந்திருக்கும்போதே கோதண்டம் என் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

மனு ஏற்கப்பட்டுவிட்டது. அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேரலாம். பறவைப் பிரிவு மேற்பார்வை. எழுத்து சம்பந்தமான எதிலும் தலையிடக் கூடாது என்று ஆணையில் அடிக்கோடிட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆணையில் இருந்த பிழைகளெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அதுதான் எனக்குப் புரியவில்லை. அதில் தெரிகிறது, இதில் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கண் மருத்துவரிடம் போனேன். சுவரில் எழுத்துகளை மாட்டிப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரைக்கும் படித்தேன். "இந்த வயசுல இவ்வளவு நல்ல பார்வையை நான் பார்த்ததில்லை, வீட்டுக்குப் போங்க" என்கிறார். கோளாறு இருக்கிறது என்று நான் சொல்கிறேன், இல்லை என்று அவர் சொல்கிறார். அதனால்தான் மதுரைக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போகிறேன். கண்ணில் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு எப்படித் திங்கட்கிழமை வேலைக்குப் போவது?

மனுவின் நகலைக் கொண்டுவந்திருக்கிறேன். இதைப் படிக்கும்போதுதான் இப்படி ஆகிறது என்று மருத்துவருக்கு நேரிலேயே காட்டிவிடலாம் அல்லவா? இந்தாருங்கள், நீங்களே பாருங்கள். கடைசிப் பக்கம் போதும். மெதுவாகப் படியுங்கள், வண்டி குலுங்குகிறது.

எங்கெங்கே பிழை இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

என்ன தம்பி, ஒன்றும் சொல்லவில்லை? நிமிருங்கள். அடடா, உங்களுக்குமா? கசக்காதீர்கள், கசக்கினால் அதிகமாகும். பரவுகிற வகை போலிருக்கிறது. ஊருக்குப் போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நீங்களும் என்னோடு இறங்குங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே காட்டிவிடுவோம்.